ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பன்றிக் காவலன்

நாட்டின் முதல் ஜனாதிபதிக்கு எதிராக ஒரு ஓட்டுக்கூட விழவில்லை என்று ஊர் ஊராகப் பெருமையடிப்பார்கள். டில்பரிக்காரர்கள் அதைக் கேட்டால் லேசாகக் கனைத்துக்கொள்வார்கள். அதற்கு மூன்று வருடம் முன்பே, 1786 மார்ச்சில், அவர்கள் ஓபெத் ஸ்பிராக்கை ஒருமனதாகப் பன்றிக் காவலனாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். எதிராக எழுந்த ஒரே கை ஓபெத்துடையது. அதை யாரும் எண்ணவில்லை.

மாசசூசெட்ஸ் பக்கத்து ஊர்களில் இது வழக்கம்தான். அந்த வருடம் எவனுக்குக் கல்யாணம் ஆனதோ அவன் தலையில் பன்றிகளைக் கட்டிவிடுவார்கள். மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் சாலை, பள்ளிக்கூடம், ஏழைகளுக்கு விறகு எல்லாம் பேசி முடித்து, கொட்டாவி வருகிற நேரம் பார்த்து யாராவது பின்வரிசையிலிருந்து புது மாப்பிள்ளையின் பெயரைக் கத்துவார்கள். கூரை அதிரும் சிரிப்பு. மாப்பிள்ளை ஒரு வருடம் பெயருக்குப் பதவியில் இருந்துவிட்டு, அடுத்த கல்யாணம் எப்போது வரும் என்று காத்திருப்பான்.

ஓபெத்தின் பெயரைக் கத்தியவன் ஜோத்தாம் வைட்டிங். ஊரின் கொல்லன். ஓபெத்தின் புது மனைவி ஹல்டாவுக்குச் சொந்த அண்ணன்.

"எங்க வீட்டுப் பொண்ணையே சமாளிக்கிறே மாப்ளே, பன்னியெல்லாம் உனக்கு ஒரு விஷயமா!"

"பன்னியாவது சொன்னா கேக்கும் மச்சான்," என்றான் ஓபெத்.

இந்த வாக்கியம் மாலைக்குள் ஹல்டாவின் காதுக்குப் போய்விட்டது. மூன்று நாள் சோள ரொட்டி கருகித்தான் தட்டுக்கு வந்தது.

ஊர் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. ஓபெத் அந்த வேலையை மெய்யாகவே செய்ய ஆரம்பித்துவிட்டான். பன்றிகள் தெருவில் அவிழ்த்துவிட்டபடி திரியும் ஊர் அது. வசந்தம் பிறந்ததும் ஒவ்வொரு பன்றியையும் பிடித்து, மூக்கில் இரும்பு வளையம் மாட்டவேண்டும். வளையம் இருந்தால் மண்ணைக் கிளற முடியாது, வலிக்கும். வளையம் இல்லாத ஒரு பன்றி ஒரு காலையில் ஒரு தோட்டத்தையே உழுது போட்டுவிடும். வழிதவறி வருகிறதைப் பிடித்து ஊர்ப் பட்டியில் அடைக்கவேண்டும். பட்டி ஓபெத்தின் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. கல் சுவர், மரக் கதவு, உள்ளே வைக்கோல், மிச்சமெல்லாம் நாற்றம்.

வளையங்களை ஜோத்தாம் அடித்துக் கொடுப்பான். ஓபெத் முழங்காலுக்கு நடுவில் பன்றியின் தலையை இடுக்கிக்கொண்டு, "அவ்ளோதான், அவ்ளோதான், முடிஞ்சுபோச்சு," என்று காதோடு சொல்லிக்கொண்டே மாட்டுவான். பன்றி ஊரைக் கூட்டும். ஓபெத்தின் கண்ணும் கொஞ்சம் கலங்கியிருக்கும். புழுதி என்பான்.

அடுத்த வருடம் வேறு இரண்டு பேருக்குக் கல்யாணம் ஆயிற்று. ஆனால் பன்றிக் காவல் ஓபெத்திடமே இருந்துவிட்டது. பன்னி மந்திரி என்று பெயரும் வந்தது.

அந்த நாட்களில் ஜூலை நான்காம் தேதி சுதந்திர தின விருந்து என்றால் ஊருக்கே ஒரு மேசைதான். உப்புப் பன்றிக்கறி, பீன்ஸ், வாளி வாளியாக ஆப்பிள் சைடர். எல்லோரும் எழுந்து ஜனாதிபதியின் பெயரைச் சொல்லிக் குடிப்பார்கள். ஓபெத் சுதந்திரப் போரில் அவரைப் பார்த்தவன். இன்னும் சரியாகச் சொன்னால், பள்ளத்தில் படுத்துக்கொண்டு அவர் குதிரையின் வாலைப் பார்த்தவன். ஒரு வாலுக்காக ஒருவன் வாழ்நாள் முழுக்க விசுவாசமாக இருக்க முடியும் என்பதற்கு ஓபெத் போதும்.

பிறகு இங்கிலாந்தோடு ஒப்பந்தம் என்று செய்தி வந்தது. ஜோத்தாமுக்கு அது பிடிக்கவில்லை. "ராஜாவைத் துரத்திட்டு அவன் காலையே போய் நக்கறதா?" என்று பட்டறையில் சம்மட்டியை ஓங்கி அடித்தான். பாதிரியார் லேத்ரப்புக்கு ஒப்பந்தம் பிடித்திருந்தது. அடுத்த ஜூலையில் இரண்டு மேசை போட்டார்கள். அதற்கடுத்த வருடம் இரண்டு விடுதி. ஒப்பந்தம் பிடித்த ஃபெடரலிஸ்டுகள் ஒரு பக்கம், பிடிக்காத ரிபப்ளிகன்கள் ஒரு பக்கம். ஓபெத் குதிரை வால் போன பக்கம், பாதிரியாரோடு போனான். ஆனாலும் வளையம் வாங்கப் பட்டறைக்குப் போகிறபோது இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே ஒரே குவளையில் சைடர் குடித்தார்கள்.

ஹல்டாவுக்கு எழுதத் தெரியும். அவளுக்கும் ஜோத்தாமுக்கும் அம்மா சொல்லிக்கொடுத்தது. அந்த அம்மாவின் பைபிள் ஹல்டாவோடு சீதனமாக வந்திருந்தது. நடுவில், பழைய ஏற்பாடு முடிந்து புதியது தொடங்கும் இடத்தில், சில வெற்றுத் தாள்கள். அதில் அவள் மகன் எஃப்ரேம் பிறந்த நாளை எழுதினாள், மகள் டார்க்கஸ் பிறந்த நாளை எழுதினாள். தொண்டை அடைப்பு நோய் ஊரில் பரவிய இலையுதிர் காலத்தில் ஒரே வாரத்தில் அவற்றுக்குக் கீழே இன்னும் இரண்டு தேதி எழுதினாள். ஓபெத்துக்கு அச்செழுத்தை விரல் வைத்து வைத்துப் படிக்க வரும். கையெழுத்து மட்டும் அவனுக்குக் கோழி கிளறிய மண். எது பிறந்த தேதி, எது போன தேதி என்று மையின் நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பான்.

1798 கோடையில் ஊரே தொப்பியில் ரிப்பன் பூ குத்திக்கொண்டது. பிரான்ஸோடு போர் வரப்போகிறதாம். புது ஜனாதிபதி ஆடம்ஸின் ஃபெடரலிஸ்ட் கட்சி கறுப்புப் பூ. எதிர்க்கட்சி, பிரெஞ்சுக் கொடியின் மூவர்ணப் பூ. ஹல்டா படுக்கையில் இருமிக்கொண்டே ஒரே ரிப்பன் கூடையிலிருந்து புருஷனுக்கு ஒரு கறுப்பும் அண்ணனுக்கு ஒரு மூவர்ணமும் தைத்துக் கொடுத்தாள்.

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி கோமாளியாத்தான் இருக்கீங்க," என்றாள்.

ஆகஸ்டில் அவளால் எழுந்து உட்கார முடியவில்லை. தலையணை முட்டுக்கொடுக்கச் சொல்லி, மடியில் பைபிளை வைத்துக்கொண்டு இரண்டு நாள் கொஞ்சம் கொஞ்சமாக எழுதினாள்.

"என்ன எழுதறே?"

"உங்களுக்குத்தான்."

"எனக்குத்தான் கையெழுத்துப் படிக்க வராதே."

"அதனாலதான் எழுதறேன். நேர்ல சொன்னா நடுவுல நடுவுல பேசுவீங்க." மூச்சு வாங்கினாள். "நான் போனப்புறம் அண்ணன்கிட்ட குடுங்க, படிச்சுச் சொல்லும். பாதிரியார்கிட்ட மட்டும் குடுத்துடாதீங்க. அதை வெச்சு மூணு ஞாயித்துக்கிழமை ஓட்டிடுவாரு."

"சரி."

"சரியில்ல. சத்தியம் பண்ணுங்க. அண்ணனைத் தவிர வேற யாரும் படிக்கக் கூடாது."

ஓபெத் சத்தியம் செய்தான். மூன்றாம் நாள் காலை அவள் கையைப் பிடித்துக்கொண்டு வேறு என்ன சொல்வதென்று தெரியாமல், "அவ்ளோதான், அவ்ளோதான், முடிஞ்சுபோச்சு," என்று காதோடு சொல்லிக்கொண்டே இருந்தான். முடிந்துபோயிற்று.

பெட்டியைத் தூக்க ஆறு பேர். ஐந்து பேர் தொப்பியில் கறுப்புப் பூ. ஆறாவது ஜோத்தாம். சபையின் மூப்பரான கிராஸ் முன் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"ஓபெத், அந்தப் பூவோட நிக்கிறவன் கூட நான் சேந்து தூக்க மாட்டேன். அவனைக் கழட்டச் சொல்லு."

"மச்சான், ஒரு அரை மணி நேரம். கழட்டிட்டு அப்புறம் மாட்டிக்கோ," என்றான் ஓபெத்.

"கழட்ட மாட்டேன் மாப்ளே. இது அவ தைச்சது."

"இதுவும்தான் அவ தைச்சா!"

"அப்ப நீ கழட்டு."

எல்லோரும் ஓபெத்தைப் பார்த்தார்கள். வெயில். வெள்ளைப் பைன் மரப் பெட்டி. ஓபெத்துக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. அதை மறைக்க வாயைத் திறந்தான், வேறு ஏதோ வெளியே வந்தது.

"பிரெஞ்சுக்காரனுக்குப் பொறந்தவன் கை என் பொண்டாட்டி பெட்டி மேல பட வேண்டாம்."

ஜோத்தாம் கைப்பிடியை மெதுவாக விட்டான். சாலையில் இறங்கி வீட்டைப் பார்த்து நடந்தான். ஒரு முறையும் திரும்பவில்லை. இன்னொரு ஆள் தேட நேரமில்லாமல் ஆறாவது கைப்பிடியை ஓபெத்தே பிடித்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு வளையம் வாங்க ஆறு மைல் நடந்து அடுத்த ஊர்க் கொல்லனிடம் போனான். அவன் அடித்த வளையங்கள் ஒரு மாதத்தில் வாய்பிளந்து கழன்றுகொண்டன. ஓபெத் அதைப் பற்றி யாரிடமும் குறை சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்து வந்து பைபிளின் நடுத்தாள்களைத் திறந்து வைத்துக்கொள்வான். ஒன்றரைப் பக்கம். கடைசி வரிகள் சரிந்து சரிந்து ஓரத்தில் போய் முட்டியிருந்தன. அதில் ஓரிடத்தில் பேனா அழுத்திக் கிறுக்கியிருந்தது. எதையோ எழுதி, வேண்டாம் என்று அடித்திருக்கிறாள். என்னவாக இருக்கும்? திட்டாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வான்.

மூன்று தடவை அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பட்டறைவரை போனான். முதல் தடவை சம்மட்டிச் சத்தம் கேட்டதும் திரும்பினான். இரண்டாம் தடவை, ஜனாதிபதியைத் திட்டி எழுதினால் ஜெயில் என்ற புதுச் சட்டத்தைச் செய்தித்தாளில் படித்துவிட்டு ஜோத்தாம் கத்திக்கொண்டிருந்தான். ஓபெத் தன் கட்சிக்காக முகத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினான். மூன்றாம் தடவை சத்தமே இல்லை. பட்டறை வாசலில் ஜோத்தாம் தனியாக உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். தொப்பியில் அதே பூ, நிறம் வெளுத்து. ஓபெத் வேலி ஓரம் வெகுநேரம் நின்றான். ஜோத்தாம் ரொட்டியை முடித்து உள்ளே போய்விட்டான்.

1801 பிப்ரவரியில் ரிபப்ளிகன் கட்சியின் ஜெஃபர்சன் ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்த செய்தி பனிச்சறுக்கு வண்டியில் டில்பரிக்கு வந்தது. அடுத்த ஞாயிறு பாதிரியார் லேத்ரப் இரண்டரை மணி நேரம் பேசினார். நாத்திகன் நாற்காலியில் ஏறுகிறான், பிரான்ஸில் கோயில்களைப் பூட்டியதுபோல இங்கேயும் பூட்டுவான், வீடு வீடாக வந்து பைபிள்களைப் பிடுங்குவான். முன்வரிசைப் பெண்கள் அழுதார்கள். ஓபெத் அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நடுத்தாள்களைத் திறந்து பார்த்தான்.

டில்பரிப் பெண்கள் கெட்டிக்காரிகள். ரிபப்ளிகன் வீட்டை எந்த ரிபப்ளிகன் சிப்பாய் சோதனை போடப்போகிறான்? மூப்பர் கிராஸின் மனைவி முதற்கொண்டு பதினோரு பேர் முக்காடு போட்டுக்கொண்டு பைபிளைத் தூக்கிக்கொண்டு ஜோத்தாம் வீட்டுக்கே போனார்கள். அவன் விழுந்து விழுந்து சிரித்தானாம். சிரித்து முடித்துச் சமையலறை அலமாரியைக் காலி செய்து அத்தனையையும் அடுக்கி வைத்தானாம்.

பிறகு அவனே ஓபெத்தின் வேலிக்கு வந்தான். இரண்டரை வருடத்தில் முதல் தடவை.

"மாப்ளே."

ஓபெத் விறகு பிளப்பதை நிறுத்தவில்லை.

"யாரும் வர மாட்டாங்க. அது உங்க பாதிரியார் கட்டின கதை. ஆனா உனக்குப் பயமா இருந்தா, எங்க அம்மா பைபிளை என்கிட்ட குடு. பதினொண்ணோட பன்னெண்டா இருக்கட்டும்."

கோடாரி நின்றது. இப்போது சொல்லியிருக்கலாம். அதில் உன் தங்கச்சி எழுதினது ஒன்று இருக்கிறது, உட்கார்ந்து படி என்று. நாலே வார்த்தை. ஆனால் ஜோத்தாம் வாயோரத்தில் இன்னும் கொஞ்சம் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஜெயிச்ச திமிர்ல வந்து நிக்கிறியா?"

"சேச்சே. நான் வந்தது வேற..."

"உங்க ஆள் வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன். நீ கேட்டாலும் குடுக்க மாட்டேன். போ."

ஜோத்தாம் போனான். ஓபெத் பைபிளை மெழுகுத் துணியில் சுற்றி, மண் ஜாடிக்குள் வைத்து, மூடியைப் பன்றிக் கொழுப்பால் அடைத்தான். எங்கே புதைப்பது? பிப்ரவரி மண் கல். கடப்பாரை போட்டால் பொறி பறக்கிறது. ஊரிலேயே இளகிய மண் ஒரே இடத்தில்தான் இருந்தது. பட்டியில், வைக்கோலும் சாணமும் மக்கிச் சூடாகக் கிடந்த மூலையில். எந்தச் சிப்பாய் அங்கே மூக்கை நுழைப்பான் என்று தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு முழங்கை ஆழம் தோண்டிப் புதைத்தான்.

மார்ச் இரண்டாவது திங்கள் ஊர்க்கூட்டம். டில்பரியில் அந்த வருடம் எல்லாமே கட்சி. சாலைக் காவலருக்கும் கட்சி, வேலி பார்ப்பவருக்கும் கட்சி. பன்றிக் காவல் வந்தபோது ஜோத்தாம் எழுந்தான். ஒரு தோல் பையை மேசை மேல் வைத்தான். கலகலவென்று சத்தம்.

"பன்னிக் காவலுக்கு ஓபெத் ஸ்பிராக். பதினஞ்சு வருஷமா அவன்தான், இனியும் அவன்தான். இந்த வருஷ வளையம் நான் அடிச்சாச்சு. இதுல கட்சி கிடையாது."

எதிர்த்து ஒரு கை எழவில்லை. 1786க்குப் பிறகு டில்பரி ஒருமனதாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். சிலர் கைதட்டக்கூடச் செய்தார்கள்.

ஓபெத் எழுந்தான். பையைப் பார்த்தான். நல்ல வளையங்கள். தூரத்திலிருந்தே தெரிந்தது. பக்கத்தில் மூப்பர் கிராஸ் தொண்டையைச் செருமினார்.

"ஜெஃபர்சன் ஆள் அடிச்ச வளையத்தை நான் பன்னி மூக்குலகூட மாட்ட மாட்டேன்," என்றான். "எனக்கு வேண்டாம் இந்த வேலை."

ஒரு பக்கம் கைதட்டல், ஒரு பக்கம் கூச்சல். வேறு யாரும் அந்த வேலையை எடுக்கவில்லை. தோல் பை மேசை மேலேயே கிடந்தது.

பன்றியின் மூக்கைப் பற்றி அந்த ஊரில் ஓபெத்தைவிட அறிந்தவன் யாரும் இல்லை. வளையம் இல்லாத மூக்கு என்ன செய்யும், கொழுப்பு வாடையை எத்தனை கெஜத்திலிருந்து பிடிக்கும், எல்லாம் தெரியும். கூட்டத்திலிருந்து வீட்டுக்கு நடந்தபோது அவனுக்குத் தன் வீராப்பு மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது.

ஏப்ரல் கடைசிவரை எந்தச் சிப்பாயும் வரவில்லை. பெண்கள் ஒவ்வொருவராகப் போய்த் தங்கள் பைபிள்களை வாங்கி வந்தார்கள். ஓபெத்தும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பட்டிக்குப் போனான்.

கதவு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. உள்ளே மூன்று பன்றிகள். மூலை முழுக்க உழுதிருந்தது. ஜாடி ஐந்தாறு துண்டு. ஒரு பெரிய பெண்பன்றி, பிறந்த நாளிலிருந்து ஓபெத் பார்த்து வளர்த்தது, தோல் அட்டையை வாயில் வைத்து நிதானமாக மென்றுகொண்டிருந்தது. அவனைக் கண்டதும் வழக்கம்போலக் கிட்டே வந்தது.

ஓபெத் அதை அடிக்கவில்லை. முழங்காலில் விழுந்து சேற்றைக் கையால் அளைந்தான். ஆதியாகமம் கிடைத்தது. சங்கீதத்தில் பாதி கிடைத்தது. அச்சு, அச்சு, எல்லாம் அச்சு. அச்சடித்தது கடையில் கிடைக்கும். நடுத்தாள்கள் எங்கே? மதியம்வரை அளைந்து உள்ளங்கை அளவில் ஒரு துண்டை எடுத்தான். பழுப்பு மை. சரிந்த வரிகள்.

அப்படியே, சேறு வழியும் முழங்காலோடு, பட்டறைக்குப் போனான். இந்தத் தடவை வேலியில் நிற்கவில்லை.

ஜோத்தாம் துருத்தியை விட்டுவிட்டுத் திரும்பினான். "என்ன மாப்ளே? யாரு அடிச்சா?"

"அவ எழுதினா," என்றான் ஓபெத். "உன்னைப் படிக்கச் சொன்னா. உன்னை மட்டும்."

"எப்ப?"

"போறதுக்கு முன்னாடி."

"மூணு வருஷமாவா வெச்சிருந்தே?" ஜோத்தாமின் குரல் எழும்பியது, பாதியில் உடைந்தது. "வேலிக்கு வந்தேனே. அன்னிக்குக்கூட..."

"திட்டு. அப்புறம் திட்டு. இப்ப படி."

ஜோத்தாம் துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். தங்கையின் எழுத்தைப் பார்த்ததும் முன்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"'ஓபெத்'னு இருக்கு. கீழ வரியில 'மறக்காம'னு இருக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் பல்லுதான்டா மாப்ளே. பன்னிப் பல்லு."

"மறக்காம என்ன?"

உலையில் கரி சரிந்தது. ஜோத்தாம் துண்டை இன்னும் கிட்டே வைத்துக்கொண்டு, கண்ணை இடுக்கி, மெல்லப் படிக்க ஆரம்பித்தான்.

"'மறக்காம... குளிர்காலத்துல ரெண்டு காலுறை போட்டுக்கோங்க. கர்த்தருடைய கிருபையினால நாம எல்லாரும் பரலோகத்தில் மகிமையோடு...'"

"அவ அப்படிப் பேச மாட்டா," என்றான் ஓபெத்.

ஜோத்தாம் தலை குனிந்துகொண்டான். "ஆமா. மாட்டா."

"காலுறைவரைக்கும் சரி." ஓபெத் மரக்கட்டையில் உட்கார்ந்தான். "அங்கேர்ந்து மறுபடி படி."

அந்த வாரமே ஓபெத் தோல் பையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். ஜோத்தாம் அடித்த வளையங்கள் டில்பரியின் எல்லா மூக்கிலும் ஏறின. யாரும் ஓட்டெடுப்பு நடத்தவில்லை.

பிறகு ஒன்பது வருடம், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஓபெத் அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு ஜோத்தாமிடம் போவான். ஜோத்தாம் படிப்பான். இரண்டு வார்த்தை மெல்ல மெல்ல அரைப் பக்கமாக வளர்ந்தது. அதில் பிள்ளைகள் வந்தார்கள், கருகிய ரொட்டி வந்தது, ஒரு தடவை பாதிரியாரும் வந்து வசவு வாங்கினார். சிலது ஹல்டா சொல்லக்கூடியதுதான். சிலது இல்லை. அந்த இடங்களில் ஓபெத் இருமுவான், ஜோத்தாம் மாற்றிக்கொள்வான்.

1810இல் ஜோத்தாம் இறந்தான். பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் ஓபெத் ஒருவன். தொப்பியில் அவன் குத்தியிருந்தது ஜோத்தாமின் மூவர்ணப் பூ. வெளுத்து, மூன்று நிறமும் ஒன்றாகியிருந்தது. கேட்டவர்களிடம், அவ தைச்சது என்றான்.

அதன்பிறகு அந்தத் துண்டை யாரிடமும் காட்டவில்லை. பள்ளி வாத்தியார் படித்துச் சொல்வதாகக் கேட்டபோதும் தலையை ஆட்டிவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கையெழுத்தில் அவனுக்கு இரண்டு வார்த்தை மட்டும் அடையாளம் தெரியும். முதல் வார்த்தையில் விரலை வைப்பான். கீழ் வரிக்கு இறக்குவான். விரல் கிழிந்த ஓரத்துக்கு வந்து அங்கேயே நிற்கும்.